இருபத்தேழாம் இரவும் ஒரு நாள் பிந்திய சோறும்

1

ரமலான் பிறை இருபது, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கிள்ளானிலிருந்து என் அக்கா தொலைபேசியில் அழைத்தார். தமிழ்நாட்டில் எங்கள் கடற்கரைப் பக்கம் அக்காவை ராத்தா என்போம். மலேசியா வந்து இருபத்தாறு வருடமாகியும் எனக்கு அவர் ராத்தாதான்.

"தம்பி, நோன்பெல்லாம் எப்படிப் போவுது?"

"இன்னிக்கோட இருபது ராத்தா."

"எத்தனைன்னு கேக்கல. எப்படின்னு கேட்டேன்."

இந்தக் குறை என்னிடம் உண்டு. எனக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், தேவாலய ஆண்டு விழா அழைப்பு, பெருநாள் வாழ்த்து அட்டை என்று வருடம் முழுவதும் பிறருடைய தேதிகளை அச்சடித்துக் கொடுக்கிறேன். மீதி நேரத்தில் என்னுடைய தேதிகளைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். முதன்முதலில் இங்கே மழையில் நனைந்த நாள், மகளுக்கு முதல் பல் விழுந்த நாள், பக்கத்துக் கடைக்காரர் சிரித்த நாள் எல்லாம் அதில் உண்டு. கடைசியாகச் சொன்னது ஒரே ஒரு முறைதான் நடந்தது.

ராத்தா விஷயத்துக்கு வந்தார். "உங்க மச்சான் பெருநாள் முடிஞ்ச கையோட ஊருக்குக் கிளம்புறாங்க. ஒரேயடியா. கடையை அவங்க தம்பி பாத்துக்கப் போறாங்க. நானும் கூடத்தான் போறேன். இருவத்தேழுக்கு சூராவுக்கு வந்துடு. இதுதான் கடைசி."

"மச்சான் என்ன சொன்னாங்க?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. மூணு வருஷமா உன்னப் பத்தி ஒரு சொல்லு சொல்லலையே. அதுதானே எனக்கு நோவு."

சூராவ் என்பது இங்கே சிறிய தொழுகைப் பள்ளிக்கு வழங்கும் பெயர். கிள்ளானில் எங்கள் தமிழ் முஸ்லிம்கள் கூடுகிற சூராவ் அது. அங்கே ரமலான் இருபத்தேழாம் இரவுக்கு நார்சா, அதாவது தொழுதவர்களுக்குக் கொடுக்கும் சோறு, சமைத்துப் போடுவது காதர் மச்சான். ராத்தாவின் கணவர். பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் இருவரும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

ஒவ்வொரு வருடமும் அந்த இரவில் யார் யாருக்கு இறைவனிடம் என்ன துஆ கேட்க வேண்டும் என்று எண் போட்டு ஒரு பட்டியல் எழுதி எடுத்துச் செல்வேன். ஊரிலிருந்தும் செய்தி வரும், அதையும் சேர்ப்பேன். பேனாவைத் திறந்தேன்.

"உங்களுக்கு என்ன எழுத ராத்தா?"

"எனக்கு ஒரே துஆதான். அதை நீ எழுத வேணாம். செஞ்சா போதும்."

2

எல்லா மதத்தவரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். லைலத்துல் கத்ர் என்னும் இரவு ஆயிரம் மாதங்களை விடச் சிறந்தது. அது ரமலானின் கடைசிப் பத்து நாட்களில், ஒற்றைப்படை இரவுகளில் ஒன்றாக இருக்கும். எது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. இருபத்தேழு என்று எங்கள் ஊரார் உறுதியாக நம்பி அதைப் பெரிய இரவாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் கணக்கில் இரவு முன்னே வரும், பகல் பின்னே வரும். ஆகவே இருபத்தாறாம் நோன்பைத் திறந்த அன்று மாலையே இருபத்தேழாம் இரவு தொடங்கிவிடும்.

உலகத்தின் மிகச் சிறந்த தேதி எது என்று யாருக்கும் தெரியாது என்பது என்னைப் போன்றவனுக்கு எவ்வளவு பெரிய சோதனை என்று யோசித்துப் பாருங்கள். பதினாறு வயதில் அதைக் கண்டுபிடித்துவிட ஒரு முயற்சி செய்தேன். அந்த இரவில் உப்பு நீரும் இனிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் பள்ளிவாசல் கிணறு கடலுக்கு இருநூறு அடியில் இருக்கிறது. நான் கால் மணிக்கு ஒரு முறை ஒரு வாய் குடித்து, நேரத்தையும் ருசியையும் எழுதினேன். பத்தே கால்: உப்பு. பத்தரை: உப்பு. பதினொன்றே முக்கால்: மிக உப்பு. இரண்டு மணிக்குப் பிறகு குறிப்புகள் வேறு இடத்திலிருந்து எழுதப்பட்டவை. அடுத்த நாள் நோன்பு வைக்க முடியவில்லை.

இங்கே மலாய்க்காரர்களுக்கு வேறு ஒழுங்கு. குர்ஆன் இறங்கியதைப் பதினேழாம் பிறையில் நினைவுகூர்ந்து எங்கள் பக்கம் பொது விடுமுறை விடுகிறார்கள். இருபத்தேழாம் இரவுக்கு வீட்டு வாசலில் வரிசையாக எண்ணெய் விளக்கு ஏற்றுகிறார்கள். வந்த புதிதில் என் முதலாளி ஒரு மலாய்க்காரர். 'வெள்ளி இரவு வா' என்று மலாயில் சொன்னார். நான் வெள்ளிக்கிழமை இரவு போய்ப் பூட்டிய கடை முன் ஒரு மணி நேரம் நின்றேன். அவர் சொன்னது வியாழன் மாலையை. இரவு முன்னே வரும் என்பது எனக்குத் தெரிந்த கணக்குதான். அது மலாயிலும் செல்லுபடியாகும் என்பது தெரியவில்லை.

ஊரில் இருபத்தேழுக்கு இன்னொரு வேலையும் நடக்கும். நார்சாவைச் சஹனில் போடுவார்கள். சஹன் என்பது நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அகன்ற தட்டு. வருடத்தில் யாராவது இரண்டு பேர் பேச்சு நின்று போயிருந்தால், அன்று ஜமாஅத் பெரியவர்கள் யார் பக்கம் நியாயம் என்று விசாரிக்க மாட்டார்கள். இரண்டு பேரையும் பிடித்து ஒரே சஹனில் எதிரெதிரே உட்கார வைத்துவிடுவார்கள். சோறு நடுவில், கறி ஒரு பக்கம். 'கறியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு' என்று எவனாவது ஒருவன் சொல்லித்தான் ஆக வேண்டும். அதோடு வழக்கு முடிந்தது.

கிள்ளானில் சில வருடங்களுக்கு முன் சஹனை நிறுத்திப் பொட்டலம் ஆக்கிவிட்டார்கள். வசதிதான். ஆளுக்கு ஒரு பொட்டலம், வாங்கிக்கொண்டு போய்விடலாம். யாரும் யாரிடமும் எதையும் தள்ளச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பகை மூன்று வருடம் கெடாமல் இருந்ததற்குப் பொட்டலம்தான் காரணம் என்று நான் பல முறை எழுதியிருக்கிறேன்.

அது முழு உண்மையல்ல.

3

மூன்று வருடத்துக்கு முன்பு சூராவின் ரமலான் நோட்டீஸை நான்தான் எழுதி அச்சடித்தேன். தராவீஹ் தொழுகை நேரம், கஞ்சி கொடுக்கும் நேரம், கடைசியில் கொட்டை எழுத்தில் இருபத்தேழாம் இரவும் நார்சாவும்: வியாழக்கிழமை. நோன்பு தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே தயாராகிவிட்டது.

கிழமையை எங்கிருந்து எடுத்தேன்? அச்சகச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலிருந்து. தினம் ஒரு தாளாகக் கிழிக்கும் நாட்காட்டி. ஊரிலிருந்து ஆண்டுதோறும் வரவழைக்கிறேன். பிறைத் தேதி, நல்ல நேரம், ஒரு பொன்மொழி எல்லாம் அதில் இருக்கும். நான் இருப்பது மலேசியாவில். ஊரில் பிறை பெரும்பாலும் ஒரு நாள் பிந்தும். அந்த வருடமும் பிந்தியது. இங்கே இருபத்தேழாம் இரவு புதன்கிழமை மாலையே வந்துவிட்டது.

அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோக்கும் லோகா பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் வேலைக்கு உட்கார மாட்டார். நோன்பு தொடங்கிய அன்று காலை அவர்தான் முதலில் கேட்டார்.

"அண்ணே, நேத்து ராத்திரி டிவில நோன்பு இன்னிக்கின்னு சொல்லிட்டாங்க. உங்க காலண்டர்ல நாளைக்குன்னுல இருக்கு. அந்த சூராவ் நோட்டீஸ் தேதி ஓகேயா லா?"

"பார்த்துக்கலாம் லோகா."

"கன்ஃபர்மா அண்ணே?"

"இருபத்தாறு வருஷமா தேதி அச்சடிக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

அப்போது இருபத்துமூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அவசரத்தில் அதையும் கூட்டிச் சொல்லிவிட்டேன். பிறகு பெருநாள் வேலை குவிந்தது, நோட்டீஸை மறந்தேன். நானே இங்கே ஒவ்வொரு நாளும் நோன்பு வைத்து எண்ணிக்கொண்டிருந்தவன். புதன்கிழமை மாலை இருபத்தாறாம் நோன்பைத் திறந்தேன். மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. மறுநாள் நோட்டீஸில் போட்டபடி குளித்து, வெள்ளை உடுத்தி, அத்தர் பூசி, துஆ பட்டியலோடு ரயிலேறிக் கிள்ளான் போனேன்.

சூராவில் பதினான்கு பேர் இருந்தார்கள். எண்ணினேன். அதில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் பெரிய பெரிய தேக்சாக்களில் முந்நூறு பேருக்கான நெய்ச்சோறும் இறைச்சியும் மூடியிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காதர் மச்சான் கையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார். ஊர் முழுக்க முந்திய நாள் வந்து, விடிய விடிய வணங்கி, சோறு இல்லாமல் திரும்பிப் போயிருந்தது.

"இது எத்தனையாம் இரவு?" என்று கேட்டார்.

ஒரு நல்ல மனிதன் அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். நான் சொன்னது இது: "ஊர்ப் பிறைப்படி பாத்தா சரியாத்தான் இருக்கு மச்சான்."

"நாம ஊர்லயா இருக்கோம்?"

"லைலத்துல் கத்ர் எந்த இரவுன்னு யாருக்கும் தெரியாதே. இதாக்கூட இருக்கலாம்."

"ஒத்தப்படை ராவுல தேடச் சொல்லியிருக்கு. இது இருவத்தெட்டு. இதுல என்னத்தத் தேடுறது? தேக்சா மூடியைத் தேடவா?"

பதினான்கு பேரும் சிரித்தார்கள், தூங்கியவர்கள் உட்பட. அச்சகக்காரனை அவன் தேதியை வைத்துச் சிரித்துவிட்டார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். சோறு வீணாகவில்லை. மச்சான் அன்றிரவே ஒரு லோரி பிடித்து, தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலையாட்கள் தங்கும் விடுதிக்கு அனுப்பிவிட்டார். அவர்களுக்கு அது நிச்சயம் ஒரு சிறந்த இரவுதான். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் எழுதினேன்: 'நார்சா, வியாழன். ஊர்ப் பிறைப்படி சரி.'

அந்த வரி மூன்று வருடமாக அங்கேயே இருக்கிறது.

4

ராத்தா அழைத்த இரண்டாம் நாள், பிறை இருபத்திரண்டு, நிரந்தரவாசி அட்டை சம்பந்தமாக ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. விண்ணப்பப் பாரத்தில் பிறந்த தேதி என்ற கட்டம் வந்ததும் வழக்கம்போலப் பேனா நின்றது. எனக்கு இரண்டு பிறந்த தேதிகள். பள்ளியில் சேர்க்கப் போனபோது உம்மா, 'ஆஷூரா முடிஞ்ச நாலாம் நாள், புயல் அடிச்ச வருஷம்' என்று சொல்ல, வாத்தியார் அதைக் காதில் வாங்கி, ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார். என் வகுப்பில் பதினேழு பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள். உண்மையான தேதியைப் பின்னால் நானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண் அதிகாரி தலை நிமிர்ந்தார். "பிறந்த தேதி மறந்துவிட்டதா, ஐயா?"

"மறக்கவில்லை. சரியான தேதி ஒன்று, அட்டையில் உள்ள தேதி ஒன்று."

அவரும் நோன்பு. மணி பன்னிரண்டரை. "அட்டையில் எது இருக்கிறதோ அதையே எழுதுங்கள். இரண்டு தேதி சொன்னால் கணினிக்குத் தலை சுற்றும். எனக்கும் சுற்றும்."

எழுதினேன். எந்த வாத்தியாரோ செய்த தவற்றைக் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ள எனக்கு அரை நிமிடம்தான் ஆயிற்று.

மாலை நோன்பு திறக்கும் நேரம் மகள் நஸ்ரினிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு இருபது வயது. அம்பாங்கில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். என் மனைவி இந்த ரமலானுக்குத் தன் உம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரில் இருக்கிறாள், அதாவது எங்களுக்கு ஒரு நாள் பின்னால் வாழ்கிறாள். நானும் மகளும்தான் வீட்டில். நஸ்ரின் தமிழில் பேசத் தொடங்கி ஆங்கிலத்தில் திரும்பி மலாயில் முடிப்பாள். வாப்பா என்று கூப்பிடுவாள். தோழிகள் பக்கத்தில் இருந்தால் மலாயில் அண்ணனைச் சொல்லும் அபாங்கைப் போல ஏதோ ஒன்றாக அது சுருங்கி 'அபா' ஆகிவிடும். இருபத்தேழாம் இரவுக்கு அவள் தோழிகளோடு அம்பாங் சூராவுக்குப் போவதாகத் திட்டம். அங்கே விடிய விடியத் தொழுகை, இடையில் கோழிக் கஞ்சி, அதன் பிறகு குழுவாகப் படம் எடுத்துக்கொள்வது.

"கிள்ளானுக்கு என்னோட வாயேன்மா. மாமி ஊருக்குப் போறாங்க."

"வாப்பா, அங்கே போய் நீங்களும் மாமாவும் ரெண்டு தூண் மாதிரி நிப்பீங்க. நான் எதுக்கு?"

"நான் என்ன செய்யட்டும்?"

"சாரி சொல்லுங்க லா. முடிஞ்சது." அவள் என் மேசையில் கட்டிக் கிடந்த வாழ்த்து அட்டைகளில் ஒன்றை உருவினாள். பெருநாளுக்கு இந்த நாட்டில் வாழ்த்தோடு சேர்த்து மன்னிப்பும் கேட்பார்கள். 'மாஃப் சாஹிர் டான் பாத்தின்' என்று அட்டையில் அச்சிட்டே கொடுப்பார்கள். உடலாலும் உள்ளத்தாலும் செய்த பிழை பொறுக்க என்று பொருள். "இதை வருஷத்துக்கு எத்தனை அடிக்கிறீங்க?"

"போன வருஷம் நாலாயிரத்து இருநூறு."

"நாலாயிரம் சாரி அடிச்சு ஊருக்கெல்லாம் விக்கிறீங்க. வீட்டுக்கு ஒண்ணு எடுத்து வைக்கல?"

பேரீச்சம்பழக் கொட்டையை ஓரமாக வைத்தேன். கடைசியில் அவளே ஒரு உடன்பாட்டுக்கு வந்தாள். காரில் அவளே கூட்டிக்கொண்டு போவாள். ஆனால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். விளக்கம் சொல்லக்கூடாது. குறிப்பாக, நாட்காட்டி என்ற சொல் வரக்கூடாது.

5

பிறை இருபத்தாறு, திங்கட்கிழமை. நாலரைக்கு அச்சகத்தை அடைத்தேன். லோகா கைப்பையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "இன்னிக்குத்தானே அண்ணே அந்த ராத்திரி? கன்ஃபர்மா?"

"கன்ஃபர்ம்."

"நான் இங்கத்துக் காலண்டர்லயும் பாத்துட்டேன் லா. சும்மா ஒரு சேஃப்டிக்கு." கதவருகே திரும்பினார். "எனக்கும் ஒரு வேண்டுதல் சொல்லிடுங்க. மவனுக்கு வேலை. உங்க லிஸ்ட்ல இடம் இருந்தா."

முப்பத்து மூன்றாம் எண்ணில் எழுதிக்கொண்டேன்.

கிள்ளான் போகும் சாலையில் நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது எல்லாக் கார்களும் நின்றுகொண்டிருக்கும். நாங்களும் நின்றோம். நஸ்ரின் ஒத்திகை பார்க்கச் சொன்னாள்.

"மச்சான், அந்த வருஷம் என்ன ஆச்சுன்னா..."

"கட். என்ன ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரியும்."

"மச்சான், ஒரு சின்னப் பிழை..."

"சின்னதா? முந்நூறு பேர் சோறு வாப்பா."

"மச்சான், சாதாரணமா ஊர்ல பிறை ஒரு நாள்..."

"கட், கட், கட்."

வானொலியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. அவள் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். நான் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "சாப்பிடுங்க வாப்பா."

"இது கோலாலம்பூர் பாங்கு. நாம எல்லை தாண்டிட்டோம். கிள்ளான் பக்கம் ஒரு நிமிஷமாவது பிந்தும்."

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஹாரன் அடித்துவிட்டது. பக்கத்துக் காரில் இருந்தவர் நாங்கள் பேரீச்சம்பழம் கேட்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் கஞ்சியை நீட்டினார்.

சூராவ் நிறைந்திருந்தது. வாசலில் சீரியல் விளக்கு. காதர் மச்சான் முற்றத்தில் தேக்சாக்களுக்கு நடுவே, அதே நாற்காலி, அதே கரண்டி. தலை நன்றாக வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சொல்ல வாயெடுத்தேன், தொழுகை தொடங்குவதற்கான இகாமத் சொல்லிவிட்டார்கள். தொழப் போனேன்.

தராவீஹ் முடிந்து, ஓதிவந்த குர்ஆன் முழுவதும் நிறைவாகி, துஆவும் முடிந்த பிறகு தொழ வைத்த ஹஜ்ரத் பயான், அதாவது மார்க்க உரை, செய்தார். இளம் வயதுக்காரர், தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் வழக்கு எதுவும் தெரியாதவர். லைலத்துல் கத்ர் எது என்று நமக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்று கேட்டுவிட்டு, அவரே சொன்னார். அந்த இரவு எது என்று அறிவிக்கத்தான் நபிகள் வெளியே வந்தார்கள். அங்கே இரண்டு பேர் சச்சரவு செய்துகொண்டிருந்தார்கள். அதனால் அந்த அறிவு நம்மிடமிருந்து உயர்த்தி எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது.

நான் இதற்கு முன் பல முறை கேட்ட செய்திதான். அன்று வேறு மாதிரி கேட்டது. ஒரு தேதி, உலகத்தின் மிகச் சிறந்த தேதி, இரண்டு பேர் சண்டை போட்டதால் தொலைந்துபோயிருக்கிறது. எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த மச்சானின் பிடரி அசையவில்லை. பெண்கள் பக்கத் திரைக்கு அப்பாலிருந்து ஒரு கனைப்புக் கேட்டது. அந்தக் கனைப்பை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். ராத்தா.

6

பொட்டலம் கொடுக்கும் வரிசை தொடங்கியது. நானும் நின்றேன். என் முறை வந்தபோது பரிமாறியவர் கையை விரித்தார். "உங்களுக்குப் பொட்டலம் இல்லையாம் பாய். அங்கே உட்காரச் சொன்னாங்க."

முற்றத்து மூலையில் பாய் விரித்து, நடுவில் ஒரு சஹன். ராத்தா வீட்டிலிருந்து கொண்டுவந்தது. எங்கள் உம்மாவின் சீர் சஹன், விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. ஹஜ்ரத் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார், பாங்கு சொல்லும் மோதினார் இன்னொரு பக்கம். மூன்றாவது பக்கம் காதர் மச்சானின் கையைப் பிடித்து ராத்தாவே உட்கார வைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தை விட்டு அவர் வெளியே வந்து நின்றதைப் பார்த்து, வரிசையில் நின்ற அத்தனை பேரும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"நான் பொட்டலம் சாப்பிட்டுக்கறேன்," என்றார் மச்சான்.

"சமைச்ச ஆளுக்குப் பொட்டலம் கிடையாது. உட்காருங்க." என் பக்கம் திரும்பினார். "நீயும்தான். விடிஞ்சா பெருநாளுக்கு மூணோ நாலோ நாளு. அப்புறம் நீ இங்கே, நாங்க அங்கே. ஒருத்தர் சாவு மௌத்துக்கு ஒருத்தர் வீடியோவுல மூஞ்சியைக் காட்டுறதுக்கா நான் உன்கூடப் பொறந்தேன், இவங்களைக் கட்டிக்கிட்டேன்?"

உட்கார்ந்தேன். ராத்தா சோற்றைத் தட்டினார். கறி முழுவதையும் மச்சான் பக்கம் குவித்தார். வேண்டுமென்றே. நால்வரும் பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம். என் பக்கம் வெறும் சோறு. ஹஜ்ரத் விஷயம் புரியாமல் எனக்குக் கறி தள்ள வந்தார். ராத்தாவின் பார்வையில் கை பாதியில் நின்றது. திரைக்குப் பக்கத்திலிருந்து நஸ்ரின் எட்டிப் பார்த்து, கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்துக் காட்டினாள். விளக்கம் கூடாது என்பதற்கான சைகை.

நெய்ச்சோறு வெறுமனே தொண்டையில் இறங்காது. நான்காவது கவளத்தில் சொல்லிவிட்டேன்.

"மச்சான், அந்தத் தேதி என் தப்பு."

அவர் மென்றுகொண்டிருந்தார்.

"லோகா அன்னிக்கே கேட்டாங்க. நான்தான் கேக்கல. உங்க முன்னாடியும் ஒத்துக்கல. மன்னிச்சிடுங்க."

மச்சான் தண்ணீர் குடித்தார். என்னைப் பார்க்காமல் ஹஜ்ரத்தைப் பார்த்துப் பேசினார்.

"அந்தப் புதன்கிழமை நானும் இங்கேதான் இருந்தேன் ஹஜ்ரத். தொழுதேன். முந்நூறு பேரும் கேட்டாங்க, 'சோறு எங்கே காதர் பாய்'னு. எனக்கும் தெரியும்ல, இருவத்தாறு நோன்பு வச்சவனுக்கு? இருந்தாலும் சொன்னேன். 'எங்க மச்சான் எழுதினது வியாழன். அவன் தேதி தப்பா எழுத மாட்டான். நம்ம எண்ணுறதுலதான் எங்கேயோ கொளறுபடி. நாளைக்கு வாங்க'ன்னேன். சிரிச்சுட்டுப் போனாங்க." கரண்டி பிடித்துக் காய்த்த கையால் மீசையைத் துடைத்தார். "ஊர் முழுக்க ஒரு பக்கம், நான் உன் நோட்டீஸ் பக்கம் நின்னேன். வந்ததும் நீ எனக்குப் பிறை சொல்லிக் குடுக்குற."

இந்த மூன்று வருடத்தில் எழுதிய குறிப்புகளில் இது எங்கும் இல்லை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சோற்றில் கை வைத்தபடியே இருந்தேன். அழுதேன் என்று எழுத மனமில்லை; நெய்ச்சோற்றுப் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஆறிப்போயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"சரி, சாப்பிடு," என்றார் மச்சான். "வெறுஞ்சோத்தைத் திங்கிறான் பாரு. வாயத் திறந்து கேட்டா என்ன?"

"கறியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க மச்சான்."

தள்ளினார். நல்ல துண்டு, எலும்போடு. ராத்தா திரைக்குள் போய்விட்டார். உள்ளே பெண்கள் யாரோ ஏதோ கேட்பதும், ராத்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நெய் கூடிப்போச்சு" என்று சம்பந்தமில்லாமல் பதில் சொல்வதும் கேட்டது.

கொஞ்ச நேரம் நான்கு கைகளும் சஹனில் வேலை பார்த்தன. பிறகு மச்சான் பழைய குரலில், மூன்று வருடத்துக்கு முந்திய அந்தக் குரலில் கேட்டார்:

"நாங்க பெருநாளுக்கு மறுநாளே கிளம்பிடலாம்னு இருக்கோம். டிக்கெட் போடணும். பெருநாள் வெள்ளியா சனியா? நீதான் சொல்லேன்."

முந்நூறு பேர் முன்னால் ஒரு முறை நம்பிக் கெட்ட மனிதர், மறுபடி என்னிடமே தேதி கேட்கிறார். வாய் தன்பாட்டில் திறந்தது. சட்டைப் பையில் இரண்டு நாட்டு நாட்காட்டிகளிலிருந்தும் எடுத்த குறிப்பு இருந்தது. திரையோரம் நஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியாது மச்சான்," என்றேன். "பிறை பாத்துத்தான்."

காதர் மச்சானின் கவளம் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அவர் மெதுவாக வானத்தை அண்ணாந்து பார்த்தார். முற்றத்து மாமரத்தைப் பார்த்தார். பிறகு ஹஜ்ரத்தின் தொடையில் இடது கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"கேட்டீங்களா ஹஜ்ரத்? எங்க மச்சானுக்கு ஒரு தேதி தெரியலையாம். வேற அடையாளமே வேணாம். சந்தேகமில்லாம இன்னிக்குத்தான் லைலத்துல் கத்ர்."